தலசீமியா பிள்ளைக்கு இங்கிலாந்தில் ரத்தப் பொருத்தம்: மரபணுப் பரிசோதனைக்கு ஒரு வழிகாட்டி

தலசீமியா மேஜர் (உடலால் போதிய ஹீமோகுளோபின் உண்டாக்க முடியாத பரம்பரை ரத்த நோய்) உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கு வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகளுக்கும் அதே நோய்தான். சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். இங்கே வந்து சேர்ந்த புதிதில் எதை முதலில் செய்வது, யாரைக் கேட்பது, எந்தக் காகிதம் வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் நிறைய அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நம் ஊரில் ரத்தம் என்றாலே "என்ன குரூப்?" என்ற ஒரு கேள்விதான். பி பாசிட்டிவ், ஓ நெகட்டிவ் என்று பதில் சொன்னால் முடிந்தது. வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை ரத்தம் ஏற்றிக்கொள்கிறவருக்கு அது பெரும்பாலும் போதும். மாதா மாதம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்குப் போதாது. சிவப்பணுவின் மேல் முந்நூறுக்கும் அதிகமான ஆன்டிஜென்கள், அதாவது அடையாளக் குறிகள், இருக்கின்றன. நம் பிள்ளையிடம் இல்லாத ஒன்று கொடையாளரின் ரத்தத்தில் வந்துகொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் பிள்ளையின் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது அதைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள், உண்டாக்கிவிடலாம். அது வந்துவிட்டால் அந்த ஆன்டிஜென் உள்ள ரத்தத்தை ஆயுசுக்கும் தவிர்க்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால், பொருந்தும் பையைத் தேடுவதே பெரும்பாடு.

அதைத் தடுக்கத்தான் பிள்ளையின் ரத்தப் பிரிவுகளை மரபணு அளவில் பார்க்கும் பரிசோதனை. இதை இங்கே 'பிளட் குரூப் ஜீனோடைப்பிங்' என்கிறார்கள். 2024 ஜனவரியில் இந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இங்கிலாந்து இதை சிக்கிள் செல் (அரிவாள் செல் நோய்), தலசீமியா, ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பிற பரம்பரை ரத்தசோகை நோயாளிகளுக்காகத் தேசிய அளவில் தொடங்கியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நிர்வாகங்கள் தனி. இங்கே எழுதுவது இங்கிலாந்தை மட்டும் வைத்து.

1. ஜி.பி.யில் பதிவு, பிறகு சரியான மையம்

வந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்து ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பிள்ளையைப் பதிவு செய்யுங்கள். அங்கேதான் என்.எச்.எஸ். எண் கிடைக்கும். அதன் பிறகு எல்லாமே அந்தப் பத்து இலக்க எண்ணைச் சுற்றித்தான் நடக்கும். வரவேற்பு மேசையில் "வீட்டு ஒப்பந்தம் வேண்டும், விசா வேண்டும்" என்று திருப்பி அனுப்பப் பார்க்கலாம். முகவரிச் சான்றோ, அடையாள அட்டையோ, விசாவோ ஜி.பி. பதிவுக்குக் கட்டாயமில்லை என்பதுதான் என்.எச்.எஸ். விதி. மரியாதையாக, ஆனால் உறுதியாக அதைச் சொல்லுங்கள். இருந்தால் காட்டுங்கள், வேலை சுலபமாகும். இல்லை என்பதற்காகத் திரும்பி வர வேண்டியதில்லை.

அடுத்து ரெஃபரல், அதாவது சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப ஜி.பி. எழுதும் கடிதம். பக்கத்து மருத்துவமனையின் ரத்தவியல் பிரிவு என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். "ஹீமோகுளோபினோபதி சிறப்புக் குழுவுக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். தலசீமியா போன்ற ஹீமோகுளோபின் நோய்களைப் பார்க்கும் குழு அது. இங்கிலாந்தில் தலசீமியாவுக்கு நான்கு ஒருங்கிணைப்பு மையங்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே சிறப்பு மருத்துவமனைகள், அவற்றின் கீழே உள்ளூர் மருத்துவமனைகள். ரத்தம் உள்ளூரில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆண்டு மதிப்பாய்வும் இந்த மாதிரி முடிவுகளும் சிறப்புக் குழுவின் கையில் இருப்பது நல்லது. தலசீமியா நோயாளிகளையே அதிகம் பார்க்காத ஊரில் வீடு எடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ரெஃபரல் கடிதம் போய்ச் சேர்ந்து, அழைப்பு வர நாள் பிடிக்கும். அதற்குள் அடுத்த ரத்தம் ஏற்றும் தேதி வந்துவிடும். ஆகவே ஊரில் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு ஒரு முறை ஏற்றிவிட்டு வாருங்கள். ஜி.பி.யிடம் பேசும்போது கடைசியாக ஏற்றிய தேதி, அப்போதைய ஹீமோகுளோபின், அடுத்து ஏற்ற வேண்டிய தேதி மூன்றையும் சொல்லுங்கள். "அவசரம்" என்று பொதுவாகச் சொல்வதைவிட ஒரு தேதி அதிக வேலை செய்யும்.

2. ஊரிலிருந்து கொண்டுவர வேண்டிய காகிதங்கள்

விமானம் ஏறும் முன் ரத்தம் ஏற்றிய மருத்துவமனையிலும், ரத்த வங்கியிலும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- நோயை உறுதிசெய்த எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கையும், எடுத்திருந்தால் தலசீமியா மரபணு அறிக்கையும்.
- முதன்முதலில் ரத்தம் ஏற்றிய தேதி. இதுவரை எத்தனை பை என்ற தோராயக் கணக்கு.
- ஆன்டிபாடி ஸ்கிரீனிங் செய்திருந்தால் அதன் அறிக்கைகள் எல்லாமே. நெகட்டிவ் என்று வந்ததும் வேண்டும்.
- ரத்தம் ஏற்றும்போது அல்லது ஏற்றிய பிறகு காய்ச்சல், நடுக்கம், மஞ்சள் காமாலை, கறுத்த சிறுநீர் ஏதாவது வந்ததா, எப்போது என்ற குறிப்பு.
- மண்ணீரல் எடுத்திருந்தால் அந்த அறுவை சிகிச்சைச் சுருக்கம், தடுப்பூசி அட்டை, ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்த இரும்பின் அளவு) முடிவுகள்.

தமிழில் எழுதிய குறிப்பேடு இருந்தால் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் நீங்களே தட்டச்சு செய்து இணைத்துவிடுங்கள்.

இதில் ஆன்டிபாடி அறிக்கைதான் உயிர்நாடி. நம் ஊரில் பல இடங்களில் ஏ.பி.ஓ. குரூப், பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லும் ஆர்.எச்.டி. இரண்டையும் பார்த்து, கிராஸ்மேட்ச் செய்து (பையின் ரத்தத்தைப் பிள்ளையின் ரத்தத்தோடு சேர்த்துச் சோதித்து) ஏற்றிவிடுவார்கள். ஆன்டிபாடி ஸ்கிரீனிங் எல்லா இடத்திலும் வழக்கமில்லை. அப்படியானால் "செய்யவில்லை" என்றே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். செய்து நெகட்டிவ் வந்ததும் செய்யாமல் விட்டதும் இங்கே உள்ள ஆய்வகத்துக்கு வேறு வேறு செய்தி. ஏன் என்றால் ஆன்டிபாடிகள் காலப்போக்கில் ரத்தத்தில் குறைந்து, பரிசோதனையில் தெரியாமலே போய்விடும். கிட் என்ற பிரிவுக்கு எதிரானவை இதற்குப் பேர்போனவை. தெரியவில்லை என்று அந்த ஆன்டிஜென் உள்ள ரத்தத்தைக் கொடுத்தால் உடல் பழைய பகையை நினைவு வைத்துக்கொண்டு திரும்ப வேகமாகத் தாக்கும். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு துண்டுச் சீட்டு இங்கே அவ்வளவு மதிப்புள்ளது.

3. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

இதற்கு ஏன் தனியாக ஒரு தலைப்பு என்று தோன்றலாம். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நம் பெயர்களில் இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு சர்நேம் கட்டமே காலி. சிலருக்கு அப்பா பெயர் சர்நேம். சிலருக்குத் தன் பெயரே சர்நேம். ஜி.பி.யில் ஒருவர் ஒரு மாதிரி தட்டச்சு செய்வார், மருத்துவமனையில் இன்னொருவர் முன்பின்னாக மாற்றிப் போடுவார். எங்கள் மகள் ஒரு மருத்துவமனையில் அப்படி இரண்டு நோயாளிகளாகப் பதிவாகியிருந்தாள். ஒரு பெயரில் இருந்த ஆன்டிபாடி விவரம் இன்னொரு பெயரில் இல்லை. ரத்தம் ஏற்றும் அன்று காலையில் ஆய்வகத்திலிருந்து ஒருவர் பிறந்த தேதியை வைத்துத் தேடிக் கண்டுபிடித்ததால் தப்பித்தோம்.

ரத்த மாதிரி விஷயத்தில் இங்கே துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி, என்.எச்.எஸ். அல்லது மருத்துவமனை எண் நான்கும் குழாயிலும் படிவத்திலும் கை வளையத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பல இடங்களில் முன்கூட்டியே அச்சடித்த ஒட்டுச்சீட்டைக்கூட ஏற்பதில்லை. நர்ஸ் பிள்ளையின் பக்கத்திலேயே நின்று பேனாவால் குழாயில் எழுதுவார். 'செந்தில்குமார்' போன்ற நீளப் பெயரை அந்தச் சின்னச் சீட்டில் நுணுக்கி எழுதும்போது ஒரு எழுத்து விழுந்தால், ஆய்வகம் மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பக் குத்தச் சொல்லும். பிள்ளைக்கு இன்னொரு ஊசி, உங்களுக்கு இன்னொரு நாள் லீவு.

செய்ய வேண்டியது இதுதான். விசாவில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில், அதே வரிசையில் ஜி.பி.யில் பதியச் சொல்லுங்கள். முதல் மருத்துவமனைச் சந்திப்பில் அவர்கள் திரையில் உள்ள பெயரைக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். இரட்டைப் பதிவு இருந்தால் இணைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை குழாயில் எழுதி முடித்ததும் நீங்களும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். நர்ஸ்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

4. பரிசோதனையைக் கேட்பது

சிறப்புக் குழுவோடு நடக்கும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "பிளட் குரூப் ஜீனோடைப்பிங் செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் எப்போது செய்வீர்கள்?" இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். "மரபணு டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் மூன்று வேறு பரிசோதனைகளில் எது என்ற குழப்பம் வரும்:

தலசீமியாவை உண்டாக்கிய மரபணு மாற்றம் எது என்று பார்ப்பது ஒன்று. எலும்பு மஜ்ஜை மாற்றுக்காக அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை இன்னொன்று. சிவப்பணுவின் பிரிவுகளைப் பார்ப்பது மூன்றாவது. நமக்கு இங்கே வேண்டியது அதுதான். ஊரில் எச்.எல்.ஏ. எடுத்த குடும்பங்கள் "எங்களுக்கு எல்லாம் பார்த்தாகிவிட்டது" என்று சொல்லி, இதைத் தள்ளிப்போட்டதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னும் ஒரு முறைகூட ரத்தம் ஏற்றாத குழந்தையாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். முதல் பை ஏறும் முன்பே விரிவான ரத்தப் பிரிவைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சாதாரண ஆய்வக முறை கைகொடுக்காது. அவள் உடம்பில் ஓடுவதில் பெரும்பகுதி, கொடையாளர்களின் சிவப்பணுக்கள். எதைச் சோதித்தாலும் கலவையான பதில்தான் வரும். மரபணுப் பரிசோதனை வெள்ளையணுக்களில் உள்ள டி.என்.ஏ.வை எடுப்பதால் நேற்று ரத்தம் ஏற்றியிருந்தாலும் பரவாயில்லை. பிரிட்டனில் 1999-லிருந்து கொடை ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை வடிகட்டித்தான் கொடுக்கிறார்கள் என்பதால் கொடையாளரின் டி.என்.ஏ. குழப்பும் பயமும் இல்லை.

ஒரே விதிவிலக்கு, மஜ்ஜை மாற்று சிகிச்சை. அது நடந்திருந்தால் ரத்தத்தில் இருப்பது கொடுத்தவருடைய டி.என்.ஏ. கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் "மரபணு" என்றதும் பயப்படுவார்கள். நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வந்து நிற்குமோ என்று எங்கள் அம்மா கேட்டார். இந்த அறிக்கையில் வருவது ரத்தப் பிரிவுகள்தான். புது நோய் எதையும் தேடிக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை. சம்மதம் தரும் முன் நர்ஸ் விளக்குவார். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே சொல்ல வேண்டும், அன்று போய்க் கேட்டால் கிடைப்பது கடினம். பள்ளிக்குப் போகும் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தயவுசெய்து. அவளுடைய நோயைப் பற்றி அவளே நமக்குச் சொல்லும் நிலை வேண்டாம்.

5. மாதிரி கொடுக்கும் நாள்

இதற்கென்று தனியாக ஒரு நாள் போக வேண்டியதில்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குக் குத்தும்போதே கூடுதலாக ஒரு இ.டி.டி.ஏ. குழாயில் (ரத்தம் உறையாமல் வைக்கும் குழாய்) எடுத்துக்கொள்வார்கள். சாப்பிடாமல் வர வேண்டியதில்லை. பரிசோதனை நடப்பது என்.எச்.எஸ். பிளட் அண்ட் டிரான்ஸ்பிளான்ட் அமைப்பின் ஆய்வகத்தில். பிரிஸ்டல் பக்கத்து ஃபில்டனில் இருக்கும் சர்வதேச ரத்தப் பிரிவு ஆய்வகம் இந்தத் துறையில் உலகத்துக்கே பெயர்பெற்றது.

முடிவு மறுநாள் வராது, வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை ரத்தம் ஏற்றுவதை யாரும் நிறுத்துவதில்லை, நீங்களும் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறை டே யூனிட்டுக்கு (ரத்தம் ஏற்றும் பகல்நேரப் பிரிவு) போகும்போதும் "முடிவு வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். கேட்கிறவருக்கே சீக்கிரம் வருகிறது என்பதுதான் நிஜம்.

6. செலவு

பரிசோதனைக்கு நாம் கட்டுவது ஒன்றுமில்லை. விசாவோடு சேர்த்து ஏற்கெனவே கட்டியிருக்கும் குடியேற்றச் சுகாதாரக் கட்டணம்தான் நம் பங்கு. 2024 பிப்ரவரியிலிருந்து அது பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் கீழ் 776 பவுண்டு. விசா எத்தனை ஆண்டோ அத்தனைக்கும் மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வருபவர்களுக்கு இது கிடையாது.

சுற்றுலா விசாவில் பிள்ளையைக் கூட்டிவந்து இங்கே ரத்தம் ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சுற்றுலா வருபவர்களிடம் மருத்துவமனை, என்.எச்.எஸ். விலைப்பட்டியலில் ஒன்றரை மடங்கு வாங்கும்.

மருந்துச் சீட்டுக்கு 16 வயது வரை கட்டணமில்லை. முழுநேரம் படித்துக்கொண்டிருந்தால் 18 வரை. அதன் பிறகு 2025 கணக்குப்படி ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. தலசீமியா கட்டண விலக்குப் பட்டியலில் இல்லை, இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். மாதா மாதம் மருந்து வாங்கும் பெரியவர்கள் ஆண்டுக்கு 114.50 பவுண்டு முன்பணச் சான்றிதழ் எடுத்துக்கொள்வது லாபம்.

வருமானம் குறைவு, சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் என்றால் மருத்துவச் செலவுக்கு உதவி கேட்கும் எச்.சி.1 படிவம் போட்டுப் பாருங்கள். பயணச் செலவைத் திரும்பப் பெற எச்.சி.5(டி) படிவம், சந்திப்பு நடந்து மூன்று மாதத்துக்குள். பஸ், ரயில் ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இங்கேயே வளர்ந்த குடும்பங்கள் "டி.எல்.ஏ.வுக்கு விண்ணப்பியுங்கள்" என்று நல்லெண்ணத்தில் சொல்வார்கள். பிள்ளைகளுக்கான ஊனமுற்றோர் உதவித்தொகை அது. வேலை விசாவில் 'பொது நிதி பெற அனுமதி இல்லை' என்ற நிபந்தனை இருந்தால் அதற்கு விண்ணப்பிப்பது விசாவுக்கே வினையாகும். என்.எச்.எஸ். சிகிச்சை பொது நிதிக் கணக்கில் வராது. டி.எல்.ஏ. வரும். சந்தேகமிருந்தால் வடக்கு லண்டன் சவுத்கேட்டில் உள்ள யு.கே. தலசீமியா சொசைட்டியைக் கேளுங்கள். 1976-லிருந்து நோயாளிகளும் பெற்றோருமாக நடத்தும் அமைப்பு.

7. அறிக்கையைப் படிப்பது

வந்த தாளைப் பார்த்தால் எழுத்துகளும் பிளஸ் மைனஸும்தான். பயப்படத் தேவையில்லை. பிளஸ் என்றால் பிள்ளையிடம் அது இருக்கிறது, கவலை இல்லை. மைனஸ் என்றால் இல்லை. அது உள்ள ரத்தம் வந்தால் ஆன்டிபாடி உண்டாகலாம். ஆகவே மைனஸ் வரிகளைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் மகளுடையது இப்படி: டி (D) பிளஸ், பெரிய சி (C) பிளஸ், சின்ன சி (c) மைனஸ், பெரிய ஈ (E) மைனஸ், சின்ன ஈ (e) பிளஸ், கே (K, அதாவது கெல்) மைனஸ். ஆய்வகத்தில் இப்படிப்பட்ட ஆர்.எச். அமைப்பை 'ஆர் ஒன் ஆர் ஒன்' என்பார்கள். இந்தியர்களிடம் இது மிகச் சாதாரணம். ஆனால் ஐரோப்பியரில் ஐந்தில் நான்கு பேருக்குச் சின்ன சி உண்டு. அதாவது இந்த நாட்டுக் கொடையாளர்களில் பெரும்பாலோரின் ரத்தம், குரூப் ஒன்றாக இருந்தாலும், அவளுக்குச் சரிவராது. பி பாசிட்டிவாகவும் இருந்துவிட்டால் தேடல் இன்னும் குறுகிவிடும். நம்மவர்களிடம் நிறையக் காணும் அந்தக் குரூப் இங்கே கொடையாளர்களில் சுமார் 8 சதவீதம்தான். "ஊரில் சுலபமாகக் கிடைத்ததே, இங்கே ஏன் இவ்வளவு பாடு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அதற்குக் கீழே டஃபி, கிட், எம், எஸ் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒவ்வொரு பையிலும் பொருத்திப் பார்ப்பதில்லை. தலசீமியாவில் வழக்கமாகப் பொருத்துவது ஏ.பி.ஓ., ஆர்.எச். குடும்பத்தின் டி, சி, ஈ வகைகள், கெல். மற்றவை, ஆன்டிபாடி ஏதாவது தலைகாட்டினால் உதவிக்கு வரும். "டஃபி ஏன் பார்க்கவில்லை?" என்று நர்ஸிடம் சண்டை போட வேண்டாம். சின்ன சி-யும் கெல்லும் பார்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜீனோடைப் தாள், பிள்ளைக்கு எந்த ஆன்டிபாடியெல்லாம் வரக்கூடும் என்று சொல்கிறது. ஏற்கெனவே வந்துவிட்டவை எவை என்று சொல்லாது. அது ஆன்டிபாடி அறிக்கையின் வேலை. இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஜீனோடைப் ஒரு முறை எடுத்தால் போதும். ஆன்டிபாடி ஸ்கிரீனிங் ஒவ்வொரு முறை ரத்தம் ஏற்றும் முன்னும் நடக்கும்.

8. முடிவு பிள்ளையோடு போக வேண்டும்

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காக. பரிசோதனை முடிந்ததும் வேலை முடிந்தது என்று பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த அறிக்கை ஒரு மருத்துவமனைக் கணினிக்குள்ளேயே இருந்தால், இன்னொரு ஊரில் நள்ளிரவில் எமர்ஜென்சிக்குப் போகும் பிள்ளைக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

என்.எச்.எஸ். பிளட் அண்ட் டிரான்ஸ்பிளான்ட் ஆய்வகங்களின் முடிவுகள் 'ஸ்பைஸ்' என்று சொல்லப்படும் ஒரு கணினித் தொகுப்பில் ஏறும். மற்ற மருத்துவமனை ஆய்வகங்கள் அதைத் திறந்து பார்க்க முடியும். ஆனால் ஒரு மருத்துவமனை தன் ஆய்வகத்திலேயே கண்டுபிடித்து வைத்திருக்கும் ஆன்டிபாடி அதில் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. ஆகவே:

சிறப்புக் குழுவிடம் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கன்சல்டன்ட் (மூத்த சிறப்பு மருத்துவர்) எழுதும் கடிதத்தில் "ரத்தத் தேவை: ஆர்.எச்., கெல் பொருத்தம்" என்ற வரியும், ஆன்டிபாடிகளின் பெயரும் இருக்கட்டும். அந்தக் கடிதம் ஜி.பி.க்கும் உங்களுக்கும் வரட்டும். ஆன்டிபாடி இருந்தால் சட்டைப்பையில் வைக்கும் அளவில் ஒரு அட்டை தருவார்கள். வரவில்லையென்றால் கேளுங்கள். அட்டையைப் படமெடுத்து இரண்டு பேர் கைபேசியிலும் வையுங்கள். பள்ளி அலுவலகத்தில் ஒரு நகல். வீடு மாறி வேறு மருத்துவமனைக்குப் போனால் முதல் சந்திப்பிலேயே "என் மகளின் ஜீனோடைப் விவரம் உங்கள் ரத்த ஆய்வகத்தில் பதிவாகிவிட்டதா?" என்று கேட்டு, பதிவானது என்ற பதில் வரும்வரை விடாதீர்கள். டாக்டரின் கோப்பில் இருப்பதும் ஆய்வகக் கணினியில் இருப்பதும் ஒன்றல்ல. பையை எடுத்துக் கொடுப்பது ஆய்வகம்.

9. ஒவ்வொரு முறையும் கவனிக்க வேண்டிய நேரக் கணக்கு

கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியவருக்கு, கிராஸ்மேட்ச் மாதிரி 72 மணி நேரம்தான் செல்லும். நம் பிள்ளைகள் எப்போதுமே இந்தக் கணக்குக்குள்தான். வெள்ளிக்கிழமை காலையில் கொடுத்துவிட்டு, திங்கள் பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) என்று செவ்வாய்க்கிழமை போனால் திரும்பக் குத்துவார்கள். நாள் குறிக்கும்போதே காலண்டரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பொருத்தமான பை சில சமயம் வேறு மையத்திலிருந்து வர வேண்டியிருக்கும். தேதியை மாற்ற நேர்ந்தால் முதல் நாள் சொல்லாமல், முடிந்தவரை முன்னதாகச் சொல்லுங்கள். உங்களுக்காகத் தேடி எடுத்து வைத்த பைக்கும் காலாவதித் தேதி உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஆன்டிபாடியால் வரும் தாமதமான எதிர்வினை அன்றே தெரியாது. பெரும்பாலும் அடுத்த இரண்டு வாரத்துக்குள் தெரியும். கோலா நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சளாவது, காய்ச்சல், முதுகுவலி, ரத்தம் ஏற்றிய சில நாளிலேயே பிள்ளை திரும்ப வெளிறிச் சோர்ந்து போவது. இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டே யூனிட்டுக்கு போன் போடுங்கள், இரவானால் எமர்ஜென்சிக்குப் போங்கள். "போன வாரம்தானே ஏற்றினோம், வைரஸ் காய்ச்சலாக இருக்கும்" என்று பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

10. ஊருக்கு லீவில் போகும்போது

கிளம்பும் முன் ஒரு முறை ஏற்றிவிட்டுப் போகும்படி டிக்கெட் போடுங்கள். மூன்று நான்கு வாரத்துக்குள் திரும்பினால் ஊரில் ஏற்ற வேண்டியே இருக்காது. அதற்கு மேல் தங்குவதாக இருந்தால் விரிவான ரத்தப் பொருத்தம் பார்க்கும் வசதியுள்ள இடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள், வேலூர் சி.எம்.சி. மாதிரிப் பெரிய ரத்த மாற்று மருத்துவத் துறை உள்ள இடமாக இருந்தால் ஜீனோடைப் தாளைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். கன்சல்டன்ட் கடிதம், ஆன்டிபாடி அட்டை, மருந்துக் கடிதம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல.

மாமா ரத்தம் கொடுப்பார், சித்தப்பா கொடுப்பார் என்று உறவினர்கள் முன்வருவார்கள். அன்பால் வருவது அது. ஆனால் ரத்த சம்பந்தமுள்ளவர்களின் ரத்தத்தை இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றுவதைத் தவிர்க்க வேண்டும். கதிர்வீச்சு பாய்ச்சாத உறவினர் ரத்தம், அரிதாக ஆனால் உயிருக்கே ஆபத்தான எதிர்வினையை உண்டாக்கலாம். நாளை மஜ்ஜை மாற்றுக்கு அதே குடும்பத்தில் ஒருவர் கொடையாளர் ஆனால் பிள்ளையின் உடல் அதை ஏற்க மறுக்கும் வாய்ப்பும் கூடும். அவர்கள் ரத்த வங்கியில் பொதுவாகக் கொடுக்கட்டும், வேறு யாருக்காவது போகும்.

திரும்பி வந்ததும், ஊரில் ஒரு பை ஏற்றியிருந்தாலும், அடுத்த மாதிரி எடுக்கும் முன் தேதியோடு சொல்லிவிடுங்கள்.

11. இங்கேயுள்ள சொந்தக்காரர்களும் நண்பர்களும்

என்ன உதவி வேண்டும் என்று கேட்பவர்களிடம் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கென்று எழுதிக் கொடுக்க முடியாது. பொது இருப்பில்தான் சேரும். ஆனால் சின்ன சி இல்லாத பி குரூப் ரத்தம் இந்த நாட்டில் யாரிடமிருந்து வர வேண்டும் என்று யோசித்தால், நம்மவர்களிடமிருந்துதான்.

வயது 17 முதல் 65 வரை முதல் முறை கொடுக்கலாம். எடை குறைந்தது 50 கிலோ. ஆண்கள் 12 வாரத்துக்கு ஒரு முறை, பெண்கள் 16 வாரத்துக்கு ஒரு முறை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் லிட்டருக்கு 125 கிராம், ஆண்களுக்கு 135 வேண்டும். நம் பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இரும்புச்சத்தைக் கவனித்துவிட்டுத் திரும்பப் போகலாம். 1980-க்குப் பிறகு எந்த நாட்டிலானாலும் தானே ரத்தம் ஏற்றிக்கொண்டவர் இங்கே கொடுக்க முடியாது.

பதிவுப் படிவத்தில் இனம் கேட்கும் கட்டத்தைச் சிலர் வெறுமையாக விடுகிறார்கள். நிரப்பச் சொல்லுங்கள். எந்த ரத்தத்தில் எந்த அரிய பிரிவைத் தேடுவது என்று தீர்மானிக்க ஆய்வகத்துக்கு அது உதவும்.

அப்புறம், பயணம். மலேரியா உள்ள பகுதிக்குப் போய் வந்தவர் பொதுவாகக் குறைந்தது நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்தவர்களுக்கு முதலில் ஒரு மலேரியா ஆன்டிபாடி பரிசோதனை செய்வார்கள். ஆகவே பொங்கலுக்கு ஊர் போகும் நண்பர் டிசம்பரிலேயே கொடுத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து காத்திருக்கும் மாதங்கள் அடுத்த முறைக்கான இடைவெளியிலேயே ஒரு பகுதி கழிந்துவிடும். சந்திப்பு நேரம் முன்பதிவு செய்ய வேண்டும், இங்கே சில இடங்களில் வாரக்கணக்கில் இடம் கிடைக்காது. நவம்பரிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.